பதிவு நாள்

டைன்மத் ஸ்டேஷனில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை.
ரயில் வந்து போகும்போது மேசைகள் நடுங்கும்.
கண்ணாடிகள் ஒன்றையொன்று தொட்டு
கிண் என்று ஏதோ சொல்லிவிட்டு
அடங்கும்.

வின்னி ஹெஸ்லப்பின் மேசையில்
பால் கலந்த நீலத்தில் ஒரு சர்க்கரைக் கிண்ணம்.
‘விக்டோரியா காலம்’ என்று துண்டு ஒட்டியிருக்கிறாள்.
அவளுக்கு எல்லாமே விக்டோரியா காலம்.
போன மாதம் ஒரு ஐகியா பூச்சாடியும் அப்படித்தான்.

கையுறையைக் கழற்றுகிறேன்.
கண்ணாடியை முதலில் விரலிடம் காட்ட வேணும்.
அச்சு மூடின இடத்தில் ஒரு வரம்பு,
ஆறின தையல் மாதிரி, தடவினால்தான் தெரியும்.
சுற்றிவர மூன்று.
கம்பியிலிருந்து முறித்த வடு அடியில் இல்லை.
ஊதினதில்லை, அழுத்தினது.
கோட்டுக்குள் ஒளித்து ஊதாக்கதிர் டோர்ச் அடித்தேன்.
பச்சை எழும்பவில்லை. யுரேனியம் இல்லை.
இல்லாததும் ஒரு தகவல்தான்.

பிறகு கவிழ்த்துப் பார்த்தேன்.
வயசைக் கூட்டி விற்கிறவன் உப்புத்தாளால் தேய்ப்பான்.
அவனுடைய கீறல்கள் ஒரே பக்கமாக ஓடும்,
பாடமாக்கின வாக்குமூலம் போல.
நூறு வருஷம் வைத்து எடுத்து வைத்து எடுத்த அடியிலோ
கீறல்கள் ஒன்றுக்கொன்று ஒத்துவராது.
ஒன்று குறுக்கே போகும், ஒன்று வளையும்,
ஒன்று பாதியில் ஏதோ நினைவு வந்ததுபோல் நின்றுவிடும்.
இதில் அப்படித்தான் இருந்தது.

உள்ளே, சர்க்கரை கிடந்த இடத்தில்,
கொண்டையோடு ஒரு மயில் தலை.
கை நெற்றிக்குப் போகப் பார்த்தது,
சந்தை என்பதால் மூக்கைச் சொறிந்தேன்.
ஆற்றுக்கு அக்கரை, கேட்ஸ்ஹெட் பட்டறையின் மயில்.
பக்கத்தில் நகத்தளவு சாய்சதுரம்,
மூலைக்கு மூலை எழுத்தும் எண்ணும்.
வலப்பக்கம் ‘பி’ என்றால் எழுபத்தேழு.
அதற்கு முதல் வருஷம் ‘வி’, அடுத்தது ‘டி’;
யாரோ சீட்டுக் குலுக்கி வைத்த வரிசை.
கீழே மாதம், மேலே நாள்.
ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தேழு, ஒக்டோபர், இருபத்திரண்டு.
ஒரு சர்க்கரைக் கிண்ணத்துக்கு!

குரோய்டனில் எனக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள்.
ஒருத்தி என் தாடையைப் பார்த்தாள்.
மற்றவர் முழங்கை மயிரைப் பார்த்தார்.
எந்த வருஷம் எந்த வகுப்பு,
தங்கச்சிக்கு அப்போது என்ன வயசு,
பள்ளிக்கூடம் இரண்டாம் தரம் இடம்பெயர்ந்தது மழைக்கு முன்னா பின்னா.
மூன்று தரம் கேட்டு மூன்று பதில் எழுதினார்கள்.
ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை.
அதனால் பொய் என்றார்கள்.
பதினாறில் உள்ளே போனவன்
பத்தொன்பதில் வெளியே வந்தேன், ஒரே பின்னேரத்தில்.
பிறந்த நாள் ஜனவரி ஒன்று.
அந்த விடுதியில் பாதிப் பேருக்கு ஜனவரி ஒன்றுதான்.
ஒரே கேக்கை வெட்டியிருக்கலாம்,
காசு இருக்கவில்லை.

என்றாலும் கண்ணாடிக்காரர் ஒன்றைச் சொல்வார்கள்,
கிண்ணமே, நீயும் கேள்:
அந்தச் சாய்சதுரம் நீ பிறந்த நாள் இல்லை.
உன் வடிவத்தை லண்டன் கந்தோரில் பதிந்த நாள்.
நீ அச்சிலிருந்து விழுந்தது
அடுத்த கிழமையாகவும் இருக்கலாம்,
பத்து வருஷம் பிந்தியும் இருக்கலாம்.
ஒரு பையன் உன்னைச் சூட்டோடு தூக்கிக்கொண்டு ஓடியிருப்பான்.
அவனும் நாள் பார்த்திருக்க மாட்டான்.

“எட்டுப் பவுண், பெட்.
வருஷம் பிடித்துவிட்டாயா?”
“எழுபத்தேழுக்குப் பிறகு.”
“பிறகு என்றால்?”
“பிறகு.”

துண்டில் எழுதப் பேனாவைத் தேடினாள்,
கிடைக்கவில்லை, விட்டுவிட்டாள்.
பழைய பத்திரிகைத் தாளில் சுற்றித் தந்தாள்.
தாளின் மூலையில் திகதி இருந்தது, முழுசாக:
போன செவ்வாய்க்கிழமை.